விஷத்தைத் தொட்டுப் பார்த்து விலகும் ஈ!

ஈக்களைக் கொல்லச் சர்க்கரையில் விஷம் கலந்து வைக்கிறார்கள்.

ஈ வருகிறது. சர்க்கரையின் மேல் உட்காருகிறது. காலால் தொட்டுப் பார்க்கிறது. பிறகு தின்னாமலே பறந்து போய்விடுகிறது!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பால் பண்ணைகளில் கண்ட உண்மை.

அந்த விஷத்தின் பெயர் இமிடாகுளோபிரிட். ஈக்களுக்குப் பிடித்த சர்க்கரையோடு, பெண் ஈயின் வாடையைப் போன்ற ஒரு வாடையையும் சேர்த்து, குருணை குருணையாகச் செய்து விற்றார்கள். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு சந்தைக்கு வந்த சரக்கு. மாட்டுக் கொட்டகையைச் சுற்றித் தூவினால், ஈக்கள் கும்பல் கும்பலாக வந்து, தின்று, செத்து விழுந்தன. பண்ணைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

சில ஆண்டுகள்தான். அதற்குள் நிம்மதி போய்விட்டது.

குருணை கிடக்கிறது. ஈயும் பறக்கிறது. செத்த ஈயைக் காணோம்!

ரிவர்சைடு நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெரி என்ற பூச்சி விஞ்ஞானியும், அவருடைய சகாவும் இதை ஆராய்ந்தார்கள். முடிவை 2009-ம் ஆண்டு வெளியிட்டார்கள். பண்ணை ஈக்களைப் பிடித்து வந்து, மருந்து கலந்த சர்க்கரையையும் வெறும் சர்க்கரையையும் அவற்றின் முன் வைத்துப் பார்த்தார்கள். வெறும் சர்க்கரையைத் தின்று அவை உயிர் பிழைத்தன. மருந்துச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டன.

ஈக்கு ருசி பார்க்கும் உறுப்பு வாயில் மட்டும் இல்லை. காலிலும் இருக்கிறது. தட்டில் உட்கார்ந்த உடனே, அதில் இருப்பது இனிப்பா வேறா என்று அது அறிந்துகொள்ளும்.

பால் பண்ணையும் பக்கத்து வீடும்

"ஈதானே! அதற்கு இவ்வளவு கவலையா?" என்று கேட்கத் தோன்றும்.

கலிபோர்னியாதான் அமெரிக்காவிலேயே அதிகமாகப் பால் கறக்கும் மாநிலம். ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே இடத்தில் கட்டிக் காக்கும் பண்ணைகள் அங்கே உண்டு. ஒரு பெரிய கறவை மாடு நாள் ஒன்றுக்கு 50 கிலோவுக்கு மேல் சாணமும் மூத்திரமும் போடும். ஆயிரம் மாட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் அந்தப் பண்ணைகளைச் சுற்றி வயல்தான் இருந்தது. இன்று நிலைமை அப்படி இல்லை. லாஸ் ஏஞ்செல்ஸ் நகருக்குக் கிழக்கே, சினோ என்ற ஊரைச் சுற்றிலும் பால் பண்ணைகள் நிறைந்திருந்தன. நகரம் வளர்ந்து வளர்ந்து அங்கேயும் வந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் மாடு. அந்தப் பக்கம் புது வீடு!

ஈக்கு வேலி ஏது? தொழுவத்தில் பிறந்த ஈ, அடுப்பங்கரைக்குப் போகிறது. சோற்றுத் தட்டில் உட்காருகிறது. குழந்தையின் உதட்டில் உட்காருகிறது.

வீட்டு ஈ கடிக்காது. மாட்டின் காலைக் கடித்து ரத்தம் குடிக்கும் ஈ வேறு. அதுவும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். வீட்டு ஈக்கு ஊசி போன்ற வாய் கிடையாது. உறிஞ்சிக் குடிக்கும் வாய்தான். கெட்டியான பண்டம் என்றால், தன் வயிற்றில் இருப்பதை அதன்மேல் கக்கி, கரைத்து, பிறகு உறிஞ்சும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. சற்று முன் மலத்தில் உட்கார்ந்ததைக் கக்கி, இப்போது பண்டத்தைத் தின்கிறது! சீதபேதி, காலரா, டைபாய்டு ஆகிய நோய்களின் கிருமிகளை ஈ சுமந்து வரும். கண்ணோய்க் கிருமியைக்கூடக் கண்ணுக்குக் கண் கொண்டு போகும்.

ஆகவே, ஈயை அடக்க முடியாவிட்டால் பண்ணைக்காரருக்குப் பக்கத்து வீட்டாரோடு சண்டை. அப்புறம் சுகாதார அதிகாரி வருவார். அதற்கும் அப்பால் கோர்ட்டு, வழக்கு. ஆகவே அவர் மருந்துப் புட்டியை எடுக்கிறார். பலிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெளிக்கிறார்.

அங்கேதான் வினை ஆரம்பம்.

நோபல் பரிசு பெற்ற மருந்து

இந்தக் கதை இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. கலிபோர்னியாவை விட்டு, ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் பால் முல்லர் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். அவர் 1939-ம் ஆண்டில் ஒரு வெள்ளைப் பொடிக்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் டி.டி.டி. அந்தப் பொடியை வேறொருவர் 1874-ம் ஆண்டிலேயே தயாரித்திருந்தார். அது பூச்சியைக் கொல்லும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது!

சுவரில் ஒருமுறை டி.டி.டி. தெளித்தால் போதும். மாதக்கணக்கில் அது அங்கேயே தங்கி நிற்கும். சுவரில் உட்கார்ந்த ஈ உதறி உதறி விழுந்து சாகும். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான பேரைப் பேன் காய்ச்சலில் இருந்தும் மலேரியாவில் இருந்தும் காப்பாற்றிய மருந்து அது. முல்லருக்கு 1948-ம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1953-ம் ஆண்டில் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக டி.டி.டி. தெளித்தார்கள். வயதானவர்களுக்கு அந்த வாடை இன்னும் நினைவில் இருக்கும்.

நோபல் பரிசு கொடுப்பதற்கு முன்னாலேயே ஈ விழித்துக்கொண்டது!

1946-ம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டில் டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் காணப்பட்டன. அடுத்து இத்தாலியில் இருந்தும் அதே செய்தி வந்தது. டென்மார்க்கில் மாட்டுக் கொட்டகை வைத்திருந்தவர்களும் "மருந்து வேலை செய்யவில்லை" என்றார்கள். "மருந்தில் கலப்படம்" என்று சொன்னவர்கள் உண்டு. "சரியாகத் தெளிக்கவில்லை" என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையில் மருந்து மாறவில்லை, ஈதான் மாறியிருந்தது.

அமெரிக்காவில் இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. கொட்டகையில் தெளித்த டி.டி.டி., மாட்டின் பாலில் வந்து கலந்தது! 1949-ம் ஆண்டில் அந்த நாட்டு விவசாய இலாகா, "கறவை மாட்டின் மீதும் பால் மாட்டுக் கொட்டகையிலும் டி.டி.டி. வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. பிறகு 1972-ம் ஆண்டில் டி.டி.டி.யின் உபயோகத்தை அநேகமாக அடியோடு தடை செய்தார்கள்.

ஒன்று போனால் இன்னொன்று வந்தது. டி.டி.டி.க்குப் பிறகு லிண்டேன். லிண்டேனுக்குப் பிறகு டயசினான். டயசினானுக்குப் பிறகு டைமெத்தோயேட். ஒவ்வொன்றும் வரும்போது "இதுதான் கடைசி மருந்து" என்று கொண்டாடினார்கள். எல்லாவற்றையும் ஈ ஜெயித்துவிட்டது. இன்று வீட்டு ஈ எதிர்த்து நிற்கக் கற்ற மருந்துகள் ஐம்பதுக்கும் மேல்.

பழகிப் போகிறதா?

"குடித்துக் குடித்துச் சாராயம் பழகுவது போல, ஈக்கும் விஷம் பழகிப் போகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

ஓர் ஈ தன் வாழ்நாளில் விஷத்தைப் பழகிக்கொள்வதில்லை. மருந்து பட்டால் செத்துப் போகிறது. ஆனால், ஆயிரம் ஈக்கள் இருந்தால் ஆயிரமும் ஒன்றுபோல இருப்பதில்லை. நம்மில் உயரம், குட்டை, கறுப்பு, சிவப்பு என்று இருப்பதைப்போல, ஈக்களிலும் உள்ளுறுப்பில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. மருந்தைத் தாங்கும் அமைப்போடு பத்து ஈக்கள் பிறந்திருக்கலாம். மருந்து வருவதற்கு முன்னாலேயே அப்படிப் பிறந்தவை அவை.

இப்போது மருந்து தெளிக்கிறோம். 990 ஈக்கள் செத்துவிட்டன. நமக்கு ஒரே சந்தோஷம். மிச்சம் இருப்பவை பத்துதான்.

அந்தப் பத்தில் ஐந்து பெண் ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் ஈ, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஆயுளில் 500 முட்டை வரை இடும். கோடை வெயிலில், முட்டை பொரிந்து, புழுவாகி, கூடு கட்டி, ஈயாகிப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். ஆக, ஐந்து பெண் ஈக்கள் இட்ட முட்டை 2,500. எல்லாம் பிழைக்காது. பாதி பிழைத்தாலும், பழையபடி ஆயிரத்துக்கு மேல் ஈ வந்துவிட்டது. இந்த ஆயிரமும் யாருடைய பிள்ளைகள்? மருந்துக்குத் தப்பிய பத்து ஈக்களின் பிள்ளைகள்!

மறுபடியும் அதே மருந்தைத் தெளித்தால், இந்தத் தடவை 990 சாகாது. ஒரு கோடைக்குள் எத்தனை தலைமுறை என்று பாருங்கள். மனிதனுக்கு அத்தனை தலைமுறை வேண்டுமானால் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

நல்ல விதை நெல்லைப் பொறுக்கி எடுத்து விதைக்கிறாரே விவசாயி, அதே காரியத்தைத்தான் மருந்து தெளிப்பவரும் செய்கிறார். அவர் பொறுக்கி எடுப்பது, சாகாத ஈயை!

தாத்தாவின் சொத்து

தப்பும் ஈக்கள் எப்படித் தப்புகின்றன?

சில ஈக்களின் உடம்பில் விஷத்தை உடைத்துப் பொடியாக்கும் சரக்கு அதிகமாக ஊறுகிறது. விஷம் நரம்புக்குப் போவதற்குள் உடம்பு அதைக் கரைத்துவிடும். 1982-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணையில் பிடித்த ஈக்களிடம் இந்த வித்தை மிக அதிகமாக இருந்தது. கார்னல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவற்றின் வம்சத்தைச் சோதனைச் சாலையில் வைத்து வளர்த்து, பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சாதாரண ஈயைக் கொல்லும் மருந்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மருந்தை அந்த வம்சம் தாங்கியது.

வேறு சில ஈக்களுக்கு நரம்பின் அமைப்பே மாறியிருக்கும். விஷம் ஒரு சாவி என்றால், நரம்பில் உள்ள பூட்டு வேறு. சாவி நுழையாது.

இந்த நரம்பு விஷயத்தில்தான் ஒரு வேடிக்கை. இத்தாலி நாட்டு ஈக்களிடம் இப்படி ஒரு தன்மை இருப்பதை 1951-ம் ஆண்டில் பஸ்வைன் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுதினார். டி.டி.டி. பட்டாலும் அந்த ஈக்கள் மயங்கி விழவில்லை. சரி, டி.டி.டி.யின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

1973-ம் ஆண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் என்பவரும் அவருடைய சகாக்களும் பெர்மெத்ரின் என்ற புதிய மருந்தைத் தயாரித்தார்கள். ஒரு வகைச் சாமந்திப் பூவில் இருந்து எடுக்கும் பைரித்ரம் என்ற பழைய மருந்தைப் பார்த்து, அதைப்போலவே செயற்கையாகச் செய்தது அது. மனிதருக்கும் மாட்டுக்கும் ஆபத்து குறைவு. ஈக்கோ பெரிய எமன். பண்ணைக்காரர்கள் ஆவலோடு வாங்கினார்கள்.

ஆனால், பெர்மெத்ரின் தாக்கும் இடமும், டி.டி.டி. தாக்கிய இடமும் ஒன்றே! ஈயின் நரம்பில் உள்ள அதே பூட்டு. டி.டி.டி. காலத்தில் தப்பிய ஈக்களின் வம்சத்திடம் மாறிய பூட்டு அப்படியே இருந்தது. தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்தைப் பேரன் எடுத்து அனுபவிப்பது போல, புது மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே அந்த ஈக்கள் பெருகிவிட்டன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மாட்டுப் பண்ணை ஈக்களைச் சோதித்து 2019-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும், பெர்மெத்ரினுக்குச் சாகாத தன்மை எங்கும் பரவிக் கிடப்பதையே காட்டியது.

மூன்றாவது வித்தைதான் முதலில் சொன்ன கலிபோர்னியா வித்தை. உடம்பில் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விஷத்தை வாயில் வைக்காவிட்டால் சாவு ஏது? இதுவும் பெற்றோரிடம் இருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. இமிடாகுளோபிரிட்டை ஒதுக்கும் குணம் ஈயின் இரண்டு குரோமோசோம்களில் தங்கியிருப்பதாக ரிவர்சைடு விஞ்ஞானிகள் 2021-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

பெயர் வேறு, குலம் ஒன்று

பண்ணைக்காரர்களைக் குழப்புவது ஒன்று உண்டு.

"நான்தான் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேனே! போன வருஷம் ஒரு கம்பெனி, இந்த வருஷம் வேறு கம்பெனி" என்பார் ஒருவர். புட்டியின் மேல் உள்ள பெயர் மாறியிருக்கும். படம் மாறியிருக்கும். விலைகூட மாறியிருக்கும். உள்ளே இருப்பது அதே குலத்து மருந்து! பெர்மெத்ரினை நிறுத்திவிட்டு சைபர்மெத்ரின் வாங்கினால், அண்ணனை அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டது போல.

சில சமயம் குலப் பெயர்கூட வேறாக இருக்கும். வேலை ஒன்றாக இருக்கும். ஈ இரையில் மெத்தோமில் என்று ஒன்று உண்டு. அசாமெத்திபாஸ் என்று ஒன்று உண்டு. இரண்டும் வேறு வேறு வகுப்பு. ஆனால் ஈயின் உடம்பில் இரண்டும் தாக்குவது ஒரே இடத்தைத்தான்.

இதற்காகவே மருந்துகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மருந்து எப்படிக் கொல்கிறது என்பதைப் பொறுத்து எண். பைரித்ராய்டு வகைக்கு 3. இமிடாகுளோபிரிட் சேர்ந்த வகைக்கு 4. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரில் இருந்து எடுக்கும் ஸ்பைனோசாடுக்கு 5. மேலே சொன்ன மெத்தோமில், அசாமெத்திபாஸ் இரண்டுக்கும் எண் 1. மருந்தை மாற்றுகிறவர் பெயரைப் பார்க்கக் கூடாது, இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கும் எண் தெரியும் அல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால், எல்லா நாட்டிலும், எல்லாப் புட்டியிலும் இந்த எண் கண்ணில் படும்படி அச்சாவதில்லை.

டென்மார்க் செய்த காரியம்

டென்மார்க் சின்ன நாடு. பாலும் வெண்ணெயும் அதன் செல்வம். மாட்டுக் கொட்டகை இல்லாத கிராமம் அங்கே குறைவு. ஆகவே ஈத் தொல்லையும் அதிகம்.

அந்த நாட்டு அரசாங்கம் ஓர் ஆராய்ச்சிச் சாலை வைத்திருந்தது. அதில் கைடிங் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். அவரும் அவருடைய சகாக்களும் பல பத்து ஆண்டுகளாகப் பண்ணை பண்ணையாகப் போய் ஈக்களைப் பிடித்துவந்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று கணக்கு எழுதினார்கள். உலகத்தில் வேறு எங்கும் இவ்வளவு நீண்ட ஈக் கணக்கு இருப்பது அபூர்வம்.

பைரித்ராய்டு மருந்துகள் வந்தபோது, அவசரப்பட்டு நாடு முழுவதும் விற்க அவர்கள் சம்மதிக்கவில்லை. முதலில் சில பண்ணைகளில் மட்டும் தெளித்துப் பார்த்தார்கள். சீக்கிரத்திலேயே சாகாத ஈக்கள் தலைகாட்டின. உடனே, "சுவரில் நீண்ட நாள் தங்கி நிற்கும் பைரித்ராய்டு மருந்துகளைப் பண்ணை ஈக்களுக்கு அனுமதிக்க வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். காற்றில் தெளித்தவுடன் மறைந்துவிடும் வகையை மட்டும் விட்டு வைத்தார்கள்.

இது ஏன் பெரிய காரியம்? ஒரு பண்ணைக்காரர் மட்டும் யோக்கியமாக இருந்து பயன் இல்லை. அவர் மருந்தை அளவாக உபயோகிக்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் தினமும் தெளிக்கிறார். பக்கத்தில் வளர்ந்த சாகாத ஈ, இவருடைய தொழுவத்துக்குப் பறந்து வருகிறது. பிறகு இவருடைய மருந்தும் பலிக்காது. ஊர்க் குளம் போலத்தான் இது. ஒருவர் மட்டும் துணி துவைக்காமல் இருந்தால் குளம் சுத்தமாக இருக்குமா? ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். டென்மார்க்கில் ஊருக்குப் பதில் அரசாங்கமே முடிவு செய்தது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. மருந்து மனிதருக்கு ஆபத்து இல்லை என்று அரசாங்கம் அனுமதி கொடுத்தால், எத்தனை பண்ணைகளில் எத்தனை நாள் தெளிப்பது என்பது, சீட்டில் போட்ட அளவுக்குள், வாங்குகிறவர் பாடு. சில கொட்டகைகளில் கடிகாரம் வைத்த குழாய் உண்டு. குறித்த நேரத்தில் தானாகவே மருந்து பனி போல இறங்கும். ஈ இருக்கிறதோ இல்லையோ, மருந்து இறங்கும்! இதைவிடச் சுலபமாகச் சாகாத ஈயை வளர்க்கும் யந்திரம் வேறு இல்லை.

டென்மார்க்கிலும் ஈ ஒழிந்துவிடவில்லை. எதிர்ப்பும் அடியோடு போய்விடவில்லை. ஆனாலும், ஒரு நல்ல மருந்தை ஒரேயடியாகச் செலவழித்துவிடாமல் யோசித்துச் செய்த அந்த வழியே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈ பிறக்கும் இடம்

பறக்கும் ஈயைத் துரத்துவது கடைசி வேலை. முதல் வேலை, ஈ பிறக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு பால் பண்ணையில் ஈ எங்கே பிறக்கிறது? காய்ந்த சாணத்தில் அல்ல. ஈரச் சாணமும், மூத்திரம் ஊறிய வைக்கோலும், சிந்திய தீவனமும் கலந்து புளித்த இடத்தில் பிறக்கிறது. அதிலும் கன்றுக்குட்டி கட்டும் இடம்தான் மோசம். பால் சிந்தும், தீவனம் சிந்தும், கன்று கழியும், எல்லாம் வைக்கோலில் இறங்கும். பெரிய மாட்டின் கொட்டிலைக் கழுவிவிட்டு, கன்றுக்குட்டியின் மூலையை மறந்துவிடுவார்கள். ஒரு மூலையில் இருந்து ஆயிரக்கணக்கான ஈ கிளம்பும். கன்றுக்கு வைக்கோலுக்குப் பதில் மரத்தூள் போட்டால், ஈப் புழு வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். விஷம் இல்லை, மந்திரம் இல்லை. மரத்தூள்!

முட்டை ஈயாக 7 முதல் 10 நாள் ஆகும் என்றோம். அந்த நாளுக்குள் குப்பையை எடுத்துவிட்டால், புழு ஈயாகிப் பறக்காது. ஆகவே கோடையில் வாரம் ஒரு தடவையாவது எல்லா மூலையையும் சுத்தம் செய்ய வேண்டும். எடுத்த எருவை மெல்லியதாகப் பரப்பிக் காய வைக்கலாம். அல்லது குவித்து, மூடி, சூடேற விடலாம். ஈரமும் இளஞ்சூடும்தான் புழுவுக்குத் தொட்டில். காய்ந்தாலும் சாகும், கொதித்தாலும் சாகும். இது டென்மார்க் தொழுவத்துக்கும் பொருந்தும், வீட்டுக் கொல்லையில் ஒற்றைப் பசு கட்டியிருப்பவருக்கும் பொருந்தும்.

ஈக்கு ஒரு பரம விரோதியும் உண்டு. எள் அளவுக் குளவி! அது மனிதரைக் கொட்டாது. மாட்டையும் தொடாது. ஈப் புழு, நெல்மணி அளவில் பழுப்பு நிறக் கூடாக மாறிக் கிடக்கும்போது, இந்தக் குளவி அதைத் தேடிப் பிடித்து, துளை போட்டு, உள்ளே முட்டை இடும். குளவிக் குஞ்சு ஈக் குஞ்சைத் தின்றுவிட்டு வெளியே வரும். அமெரிக்காவில் இந்தக் குளவிகளை வளர்த்துத் தபாலில் அனுப்பி விற்கிறார்கள். வசந்த காலத்தில் ஈ பெருகுமுன்பே தொடங்கி, அடிக்கடி கொண்டுபோய் எருவின் அருகே விடுகிறார்கள்.

ஆனால், கொட்டகை முழுவதும் மருந்து தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். அதற்கு எதிர்ப்பு சக்தி ஈயைப்போல வளருவதில்லை. சிநேகிதன் செத்தான், விரோதி பிழைத்தான்! தெளிப்பைவிட, ஓர் இடத்தில் வைக்கும் விஷ இரையும் பசைத் தாளும் நல்லது என்று நிபுணர்கள் சொல்லுவதற்கு இது ஒரு காரணம்.

பண்ணைக்காரர் பக்கம்

"இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்வதில்லை?" என்று பண்ணைக்காரரைத் திட்டுவது எளிது.

குப்பை அள்ள ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். பால் விலை இறங்கிய மாதத்தில் கூலி எங்கே இருந்து வரும்? மருந்துப் புட்டியோ மலிவு. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஈயும் விழும், அவர் கண்ணால் பார்ப்பார். குப்பை அள்ளினால் பிறக்காமல் போன ஈயை யார் கண்ணால் பார்ப்பது? மேலும், எரு அள்ளும் யந்திரம் நுழையாத மூலைகளை வைத்துத்தான் பெரிய கொட்டகைகளையே கட்டியிருக்கிறார்கள். கட்டும்போது ஈயை நினைத்துக் கட்டியவர் குறைவு.

மருந்தே வேண்டாம் என்பதும் நடக்காத பேச்சு. மழை விட்டு வெயில் அடித்த வாரத்தில் ஈ கிளம்பினால், எவ்வளவு சுத்தம் செய்தாலும் மருந்து தேவைப்படும். அந்த வாரத்தில் பலிக்கும் மருந்து கையில் இருக்க வேண்டும். சும்மா இருந்த வாரங்களில் எல்லாம் அதைத் தெளித்துத் தீர்த்திருந்தால், தேவைப்படும் வாரத்தில் அது வெறும் தண்ணீர்.

ஆகவே எப்போது தெளிப்பது என்று அறிய ஒரு சுலபமான உபாயம் வைத்திருக்கிறார்கள். மூன்று அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள வெள்ளை அட்டை. ஈ உட்காரும் தூணிலும் உத்தரத்திலும் சில அட்டைகளைத் தைத்துவிடுவார்கள். ஈ அதில் உட்கார்ந்து கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி வைக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்து, புள்ளியை எண்ணுவார்கள். ஓர் அட்டைக்கு நூறு புள்ளிக்கு மேல் என்றால், ஈ பெருகிவிட்டது என்று அர்த்தம். அதற்குக் குறைந்தால் மருந்துப் புட்டியைத் திறப்பதில்லை. தேதி எழுதி அட்டையைப் பத்திரப்படுத்திக்கொள்ளுவார்கள். பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டால், கோர்ட்டில் காட்ட அதுவே சாட்சி!

மருந்து இன்னும் பலிக்கிறதா என்று பார்ப்பதும் கடினம் அல்ல. ஆராய்ச்சிச் சாலைகளில், கண்ணாடிப் புட்டியின் உட்புறம் அளவான மருந்தைத் தடவிக் காய வைத்து, பண்ணையில் பிடித்த ஈக்களை அதில் விட்டு மூடுகிறார்கள். ஈக்குப் பட்டினி இல்லாமல், சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சும் உள்ளே இருக்கும். மறுநாள் எத்தனை செத்தது, எத்தனை பறக்கிறது என்று எண்ணுகிறார்கள். நிறைய ஈக்கள் பறந்தால், அந்தக் குலத்து மருந்து இனிப் பலிக்காது என்று அர்த்தம். விஷத்தைத் தின்ன மறுக்கும் கலிபோர்னியா ஈயை மட்டும் இந்தப் புட்டியால் பிடிக்க முடியாது. புட்டிக்குள் ஒதுங்க இடம் இல்லாததால் அது செத்துப் போகும், பண்ணையில் தப்பிவிடும். அதற்கு இரண்டு சர்க்கரையை அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.